பெட்டிக்குள் பிள்ளை, வாசலில் குடும்பம்

"பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காங்களாம்." பழங்காநத்தத்தில் ஒரு வீட்டில் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டால் தெருவுக்குச் செய்தி இப்படித்தான் வரும். பெட்டி என்பது இன்குபேட்டராக இருக்கலாம், மேலிருந்து சூடு தரும் வார்மராகவும் இருக்கலாம். 34 வாரம் நிரம்பாமல் பிறந்த பிள்ளையையும் 1,800 கிராமுக்குக் குறைந்த பிள்ளையையும் பொதுவாகப் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். நம் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பிரிவு இருக்குமிடம் கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு ராஜாஜி மருத்துவமனை. சில நாளிலும் திரும்பலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை அந்த வீடு எப்படி நடக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், சாமிக்கு எங்கே இடம், டாக்டருக்கு எங்கே இடம் என்பதை வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை ஆட்களைப் பிரிப்பது. பிள்ளை ஒரு வார்டு, தாய் ஒரு வார்டு என்று ஆனதும் எல்லோரும் பிள்ளை இருக்கும் கதவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். தாய் தனியாகக் கிடப்பாள். இது கூடாது. பிள்ளை பக்கம் அப்பன் இருக்கட்டும். கையெழுத்து, ரத்தம், மருந்துச் சீட்டு என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாய் பக்கம் அம்மாச்சி. வீட்டில் அப்பத்தாவோ அத்தையோ ஒருவர் இருந்து சமையலையும் மூத்த பிள்ளை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற உறவினர்கள் போனில் விசாரித்தால் போதும்.

அப்பன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து பேசும்போது பதற்றத்தில் பாதி காதில் விழாது. அதனால் தினமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. மூச்சு தானாக விடுகிறதா, உதவி வேண்டியிருக்கிறதா? பால் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? இன்றைய எடை என்ன? கிருமித் தொற்று ஏதும் உண்டா? எடையைப் பார்த்து முதல் வாரத்தில் திடுக்கிட வேண்டாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கும், சில பிள்ளைகளுக்கு அதற்குக் கொஞ்சம் மேலும்கூடக் குறைந்துதான் பிறகு ஏறும். ஏறத் தொடங்கியபின் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் கூடினால் நல்ல ஏற்றம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். "ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று வயசானவர்கள் சொல்வதுண்டு. அது தவறு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான். எட்டு மாதப் பிள்ளைக்கு ஏழு மாதப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பச்சை உடம்புக்காரியின் காதுபட இந்த வாக்கியத்தை யாரையும் சொல்லவிடாதீர்கள்.

இரண்டாவது வேலை பால். இதைத்தான் முதல் வேலை என்று எழுத நினைத்தேன், அவ்வளவு முக்கியம். பிள்ளை பெட்டிக்குள் இருக்கிறது, வாய் வைத்து உறிஞ்ச அதற்குத் தெம்பு இல்லை, அப்புறம் பால் எதற்கு என்று பல வீடுகளில் இரண்டு மூன்று நாளைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். மாரில் பால் ஊறுவது, எடுக்க எடுக்கத்தான். பிறந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முடிந்தால் முதல் மணி நேரத்திலேயே. அப்போது வருவது மஞ்சளாகக் கெட்டியான சீம்பால், சில சொட்டுகள்தான். அந்தச் சொட்டுகளையும் சிஸ்டரிடம் கொடுங்கள். ஒன்றிரண்டு மில்லி என்று ஒதுக்க மாட்டார்கள். குழாய் வழியாகவோ கன்னத்தின் உட்புறம் தடவியோ அதைப் பிள்ளைக்குச் சேர்ப்பார்கள். நோய் எதிர்ப்புச் சத்து அதில்தான் செறிந்திருக்கிறது. குறைமாதப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் ஆபத்தைக் குறைப்பதும் தாய்ப்பால்தான்.

பீய்ச்சும் முறையை அம்மாச்சியும் கற்றுக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அவர்தானே. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய எவர்சில்வர் டம்ளரையோ வாயகன்ற கிண்ணத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மார்பில் ஒத்தடம் கொடுத்து, மெதுவாகத் தடவிவிடுங்கள். கட்டைவிரல் காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் விளிம்பில் மேலே, ஆட்காட்டி விரல் அதே விளிம்பில் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. தோலில் விரலைத் தேய்த்து இழுக்கக் கூடாது, காம்பைக் கிள்ளவும் கூடாது. வலித்தால் முறை தவறு என்று பொருள். ஒரு பக்கம் நாலைந்து நிமிடம், பிறகு மறுபக்கம், திரும்பவும் முதல் பக்கம் என்று மாற்றி மாற்றி இருபது முப்பது நிமிடம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டு முறையாவது. நடுராத்திரியிலும் ஒரு முறை விடாமல் எடுக்க வேண்டும். ராத்திரி எடுக்கும் பால்தான் மறுநாள் ஊறலைக் குறையாமல் காக்கிறது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி எடுத்தால் பால் இளகி வரும். பார்க்க முடியாதபோது அதைப் போர்த்திய துணியை மடியில் வைத்துக்கொண்டாலும் வரும்.

தாய்க்கு வயிறு நிறைய சாப்பாடு வேண்டும், தண்ணீரும் வேண்டும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, கருவாடு என்று நம் வீடுகளில் கொடுப்பதெல்லாம் நல்ல சாப்பாடுதான், கொடுக்கலாம். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தாகத்தோடு போடுவது மட்டும் வேண்டாம். பிள்ளைக்குச் சேனை வைக்கும் பழக்கத்தை இங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் அந்த வாய்க்கு ஆகாது. "குடும்பத்துல நல்ல மனுசர் கையால நாக்குல ஒரு சொட்டு வைக்கணும்" என்று அப்பத்தா வருத்தப்பட்டால், தாய் பீய்ச்சிய சீம்பாலே இந்தப் பிள்ளைக்குச் சேனை என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தாயைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், எடுத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்கு மேல் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஐஸ் டப்பாவில் எடுத்துப்போக வேண்டும். பாட்டிலில் தாயின் பெயர், தேதி, நேரம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மதுரை வெயிலுக்கு இதில் அசட்டை கூடாது. எவ்வளவு முயன்றும் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி உண்டு. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989ல் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. நம் ராஜாஜி மருத்துவமனையிலும் இப்போது ஒன்று இருக்கிறது. தானமாக வந்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமியை அழித்துத்தான் கொடுப்பார்கள். வேறு தாயின் பால் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. பின்னால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பால் மிகுந்தால் அவளும் கொடுக்கலாம்.

மூன்றாவது, கதவுக்குள் நுழைவது. இங்கேதான் நம்பிக்கையும் மருத்துவமும் நேருக்கு நேர் நிற்கும். முழங்கை வரை கழுவச் சொல்வார்கள். வளையல், மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். பாண்டி கோயிலில் கட்டிய கறுப்புக் கயிற்றை எப்படி அவிழ்ப்பது என்று அப்பன் தயங்குவார். ஈரக் கயிற்றின் முறுக்குக்குள் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒன்றரைக் கிலோ பிள்ளையின் தோல் அதைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குத் தடித்ததில்லை. கயிற்றை அவிழ்த்து ஒரு சுத்தமான காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அல்லது இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அரைஞாண் கயிற்றை யாரும் கேட்கப்போவதில்லை. திருநீறு, குங்குமம், மந்திரித்த தண்ணீர், வசம்பு வளையல், தாயத்து எதுவும் பிள்ளையின் உடம்பில் படக் கூடாது. திருநீற்றைத் தாயின் நெற்றியில் பூசுங்கள். அவள்தான் தெம்பு வேண்டி நிற்பவள்.

உள்ளே எடுத்துப்போகக்கூடிய பிரார்த்தனை ஒன்று உண்டு, அது குரல். ஏழாம் மாதத்திலேயே பிள்ளைக்குக் காது கேட்கும், வயிற்றில் கேட்ட தாயின் குரல் அதற்குத் தெரியும். மானிட்டரின் பீப் ஒலிக்கு நடுவே தாய் மெதுவாக ஒரு சாமி பாட்டையோ தாலாட்டையோ முணுமுணுத்தால் நல்லதுதான். வலது காதருகே தாழ்ந்த குரலில் பாங்கு சொல்ல ஒரு முஸ்லிம் தகப்பன் கேட்டால், கை கழுவி நின்று சொல்லலாம். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. சிஸ்டரிடம் கேட்டால் சுத்தமான நீரில் சில சொட்டு போதும் என்று வழி சொல்வார்கள். வெட்கப்படாமல், தயங்காமல் கேளுங்கள். கேட்காமல் ஒளித்துச் செய்வதுதான் ஆபத்து.

வெளியே உள்ள நம்பிக்கைக்கு எல்லையே கிடையாது. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு உண்டு. பதினொன்றோ பதினாறோ முப்பதோ, அவரவர் வழக்கம். அந்த நாட்களில் குடும்பத்தார் கோயிலுக்குப் போக மாட்டார்கள். அப்போது பக்கத்து வீட்டு அக்கா திருப்பரங்குன்றம் போய் முருகனிடம் அர்ச்சனைச் சீட்டில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரைச் சொல்லி வருவாள். வீட்டில் அப்பத்தா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, குலசாமி பெயரைச் சொல்லி அரிசிப் பானைக்குள் வைப்பாள். மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் அப்பன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், கோரிப்பாளையம் தர்காவுக்குள் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து வருவார். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும் பெரியம்மாவும் அதே குடும்பத்தில் இருப்பார். மதுரைக்கு இது புதிதில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: நேர்த்திக்கடனைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதி வைக்காதீர்கள். கிடா வெட்டும் மொட்டையும் ஒரு வருடம் காத்திருக்கும். மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய பால் நாலு மணி வரை காத்திருக்காது. இருக்கிற பணத்தையும் ஆளையும் பரிகாரத்துக்கு அலையவிட்டு, தாயின் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்துவிடாதீர்கள்.

நான்காவது, நெஞ்சோடு அணைப்பது. கங்காரு பராமரிப்பு என்று டாக்டர்கள் சொல்வது. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் ஒரு பிரசவ மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல் ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டு, தொற்று பரவிச் சாவதைப் பார்த்த டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, பிள்ளையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கச் சொன்னார். ஏழை நாட்டு மாற்றுவழி என்று நெடுநாள் பேசப்பட்டது. 2021ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஐந்து நாட்டில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பிள்ளை தேறட்டும் என்று காத்திருந்து பிறகு அணைத்த குழுவில் நூற்றுக்கு 15.7 பேர் முதல் மாதத்துக்குள் இறந்தார்கள். பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்த குழுவில் 12 பேர். இந்த வித்தியாசத்தைக் கண்டதும் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் ஒரு குழுவைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று. அடுத்த ஆண்டே, நாளுக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அணைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை எழுதியது.

செய்யும் முறை இது. தாய் முன்பக்கம் திறக்கும் நைட்டியோ சட்டையோ போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியிலோ தலையணை அடுக்கிய கட்டிலிலோ சாய வேண்டும். பிள்ளைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாய் நெஞ்சில் குத்தாமல் லேசாக உயர்த்தி வைக்க வேண்டும். மோவாய் மடங்கினால் மூச்சு அடைபடும். கையும் காலும் தவளை உட்காருவதுபோல் மடங்கியிருக்கட்டும். பிள்ளையின் வயிறு தாயின் மேல்வயிற்றில் படிய, அடியில் ஒரு கை தாங்க, மெல்லிய பழைய பருத்திச் சேலையால் இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் கட்ட வேண்டும். ஒரு முறை எடுத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள், பத்து நிமிடத்தில் எடுப்பதும் வைப்பதும் பிள்ளையை அலைக்கழிக்கும். போன் வேண்டாம். தாய்க்குக் காய்ச்சலோ களைப்போ என்றால் அப்பன் செய்யலாம், அம்மாச்சி செய்யலாம், சித்தி செய்யலாம். மார்பில் முடி உள்ள அப்பன்மார் வெட்கப்படுவார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும். குடும்பத்தாரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பழைய வழக்கத்தை மாற்றி, பயிற்சி கொடுத்து உள்ளே சேர்க்கும் முறை டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் செய்து பார்க்கப்பட்டு, 2017ல் நாடு முழுவதற்குமான வழிகாட்டியாக வந்துவிட்டது. உங்கள் வார்டில் யாரும் கூப்பிடாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "எப்ப இருந்து நெஞ்சுல வைக்கலாம் சிஸ்டர்?"

இந்த நாலும் நடக்க, வீடு ஒரு கடிகாரத்துக்குள் வந்துவிட வேண்டும். விடியக் காலை சோறு, குழம்பு வேலை முடித்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அத்தை பழங்காநத்தத்தில் பஸ் ஏறினால், பெரியார் நிலையத்தில் மாறி, வைகைப் பாலம் தாண்டிக் கோரிப்பாளையத்தில் இறங்கலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் சோறு எடுத்துப்போகும் வேலை பெண்கள் கைக்கே வந்துவிட்டது. அது அவர்கள் தலைமேல் கூடுதல் சுமையாகவும் ஆகிவிடக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை ஆண்கள் எடுத்துப்போகட்டும். பிள்ளை உள்ளே இருப்பது சித்திரை மாதமென்றால், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தின ராத்திரியே மருத்துவமனைப் பக்கம் போய்விடுங்கள். கோரிப்பாளையம் வழி அடைபட்டுவிடும்.

சில நாட்கள் மோசமாக இருக்கும். நேற்று குடித்த பிள்ளை இன்று குடிக்காது, மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும், திரும்பவும் குழாய், திரும்பவும் ஆக்ஸிஜன். குறைமாதப் பிள்ளைக்கு முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. அன்று வீட்டில் ஒரு பேச்சு எழும்: யார் கண்பட்டது, எந்தச் சாமிக்குக் குறை, அவள் வெள்ளிக்கிழமை எதைத் தாண்டினாள். இந்தப் பேச்சைக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று அடக்க வேண்டும். பிள்ளை முன்கூட்டியே பிறந்தது தாயின் பாவத்தாலோ நேர்த்தி தவறியதாலோ இல்லை. ரத்தக் கொதிப்பு, தொற்று, இரட்டைக் கரு, இன்னும் மருத்துவத்துக்கே பிடிபடாத காரணங்கள் என்று எத்தனையோ உண்டு. சில பிள்ளைகள் எல்லாம் செய்தும் வீடு திரும்புவதில்லை. அப்படி நேர்ந்தால் அந்தத் தாய் பிள்ளையைக் கையில் வாங்கி, வேண்டிய நேரம் மடியில் வைத்துக்கொள்ள விடுங்கள். "முகத்தைப் பார்க்காதே, மறந்துடு" என்று அவளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். பால் கட்டி மார் வலிக்கும், அதற்கும் வைத்தியம் கேளுங்கள். சாமி மேல் அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும். சாமி அதைத் தாங்கும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். 2011 ஜூன் முதல் நடக்கும் மத்தியத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே காட்டுங்கள்.

கண் பரிசோதனையைச் சுருக்கிச் சொல்ல மாட்டேன். 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். வெளியில் பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், எதுவும் தெரியாது. பிறந்து 30 நாள் முடிவதற்குள் கண் டாக்டர் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. உரிய நேரத்தில் லேசர் வைத்தால் பார்வை தப்பும், சில வாரம் தவறினால் திரும்பாது. முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும் நாளும் இந்தப் பரிசோதனை நாளும் பெரும்பாலும் மோதிக்கொள்ளும். அப்போது பரிசோதனைக்குப் போங்கள். 1976ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதே ஊரில், அண்ணா நகரில் இருக்கும்போது மதுரைப் பிள்ளை ஒன்று இதனால் பார்வை இழக்கவே கூடாது. காது கேட்கும் பரிசோதனையையும் வீட்டுக்குப் போகும் முன் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள்? சாதாரண அறைச் சூட்டில் உடம்புச் சூடு தங்கி, சங்கிலோ மாரிலோ தானாகக் குடித்து, மூன்று நாள் தொடர்ந்து எடை ஏறி, சில நாட்களாக மூச்சு நிற்காமல் இருந்தால். நல்ல நாள் பார்க்க வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போவது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, முந்திப்போவதுதான் கூடாது. ஆரத்தியைத் தெருவாசலில் தாய்க்கு எடுங்கள், பிள்ளைக்கு அருகில் கற்பூரப் புகை வேண்டாம். சாம்பிராணியும் பல மாதத்துக்கு வேண்டாம், அந்த நுரையீரல் இப்போதுதான் தேறியது. உரைமருந்தும் வேண்டாம். சளி இருமல் உள்ளவர்கள் வாசலோடு திரும்பட்டும். வீட்டிலும் நெஞ்சோடு அணைப்பதைத் தொடர வேண்டும். பிள்ளை நெளிந்து, "போதும், விடு" என்று தானே உதறும்வரை. குடிக்க மறுத்தால், உள்ளங்கால் சில்லிட்டால், மூச்சு இழுத்தால், அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108க்குப் போன் போடுங்கள்.

தடுப்பூசியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான் போடுவார்கள், குறைமாதம் என்று தள்ளக் கூடாது. வளர்ச்சியைப் பார்க்கும்போது கணக்கு வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை, எதிர்வீட்டுப் பிள்ளை ஆறு மாதத்தில் செய்வதை எட்டு மாதத்தில் செய்தால் அது தாமதம் இல்லை. டாக்டர் கொடுத்த மறு பரிசோதனை அட்டையில் அதனால்தான் பிறந்த தேதியிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஒன்று என்று இரண்டு வயது எழுதியிருப்பார்கள். குலசாமி கோயிலில் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் குறிக்கப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நாவிதரிடம் புது பிளேடு போடச் சொல்லுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க, கழுத்து நின்று முதுகு நிமிர்ந்த பிறகு நாள் வைத்தால் போதும்.